படம் உங்களுடையது, சட்டை அவர்களுடையது: ஓவியர்கள் பிராண்டுகளுக்கு டிசைன் உரிமம் கொடுப்பதன் சட்டமும் கணக்கும்

2018 ஜனவரியில் 'எல்' இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் நடிகை சோனம் கபூர் பிரெஞ்சு ஃபேஷன் நிறுவனமான டியோரின் உடையில் தோன்றினார். அந்த உடையில் இருந்த யோகாசன உருவங்கள், டெல்லியில் இயங்கும் பீப்பிள் ட்ரீ நிறுவனத்துக்காக ஓவியர் ஒரிஜித் சென் உருவாக்கி, ராஜஸ்தானில் மர அச்சால் அடிக்கப்பட்டுவந்த டிசைனின் நகல் என்று குற்றச்சாட்டு எழுந்தது. பின்னர் இரு தரப்பும் நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துக்கொண்டன.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் இணையத்தில் திருட்டைப் பற்றியே பேச்சு ஓடுகிறது. அதைவிட அடிக்கடி நடப்பது வேறொன்று. நிறுவனம் முறையாக வந்து கேட்கிறது, ஓவியர் மகிழ்ந்துபோய்க் கையெழுத்திடுகிறார், எதை எழுதிக்கொடுத்தோம் என்பது இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரியவருகிறது. ஒரு படத்தை பிராண்டுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் எப்படி இயங்குகிறது, எழுதாமல் விட்ட இடங்களை இந்தியச் சட்டம் எதைக்கொண்டு நிரப்புகிறது என்று இங்கே பார்க்கலாம். இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். ஒப்பந்தத்தின் மௌனம் சில இடங்களில் ஓவியரைக் காப்பாற்றுகிறது, சில இடங்களில் கவிழ்த்துவிடுகிறது.

## விற்பது எது, உரிமம் கொடுப்பது எது

ஒரு படத்தை வைத்து மூன்று விதமான கொடுக்கல் வாங்கல் நடக்கலாம்.

1. மூலப் படத்தை விற்பது. கேன்வாஸ் கைமாறுகிறது, அவ்வளவுதான். வாங்கியவர் அதைச் சுவரில் மாட்டலாம். டி-ஷர்ட்டில் அச்சிட முடியாது. நகலெடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கிறது.

2. பதிப்புரிமையை எழுதிக்கொடுப்பது, அதாவது உரிமை மாற்றம். எழுதிக்கொடுத்த அளவுக்கு அந்த உரிமை இனி நிறுவனத்துடையது. அதே படத்தை வேறொருவருக்குக் கொடுக்க ஓவியரே நிறுவனத்தைக் கேட்க வேண்டிவரும்.

3. உரிமம், அதாவது லைசென்ஸ். உரிமை ஓவியரிடமே இருக்கும். இன்ன பொருளில், இன்ன நாட்டில், இன்ன காலம்வரை அச்சிட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி மட்டும் கொடுக்கிறார். வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஒரு வசதி, இந்த வீட்டை ஒரே நேரத்தில் பலருக்கு வாடகைக்கு விடலாம்: டி-ஷர்ட் ஒருவருக்கு, டைரி அட்டை இன்னொருவருக்கு, காப்பிக் குவளை மூன்றாமவருக்கு.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதற்கு நம்மூர் உதாரணமே உண்டு. ராஜா ரவிவர்மா 1894-இல் மும்பையில் லித்தோ (கல்லச்சு) அச்சகம் தொடங்கினார். அச்சகம் கடனில் தள்ளாடவே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கு விற்றபோது படங்களை அச்சிடும் உரிமையும் சேர்ந்தே போனது. அதன்பின் அந்தப் படங்கள் எங்கே, எத்தனை அச்சாக வேண்டும் என்று தீர்மானித்தது அச்சகம்தான்.

அமெரிக்காவின் ஹார்வி பால் கதை இன்னும் கசப்பானது. 1963-இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக மஞ்சள் வட்டச் சிரிப்பு முகத்தை வரைந்தார். கிடைத்தது 45 டாலர். பதிப்புரிமையோ வணிகக்குறியோ அவர் கோரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் பிரான்சில் பத்திரிகையாளர் ஃபிராங்க்லின் லூஃப்ரானி அதுபோன்ற முகத்தை வணிகக்குறியாகப் பதிந்தார். இன்று பல நாடுகளில் 'ஸ்மைலி' உரிமம் கொடுத்து வாழ்வது அந்தக் குடும்ப நிறுவனம். ஏறக்குறைய ஒரே முகம். வருமானம் போன இடம்தான் வேறு.

## முதல் உரிமையாளர் யார்?

வரைந்தவருக்கே உரிமை என்பது பொது விதி. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் அதற்கு விலக்குகளை வைத்திருக்கிறது. டிசைனர்களுக்குப் பொருந்துபவை இரண்டு.

1. மாதச் சம்பளத்தில் வேலை செய்யும்போது, வேலையின் பகுதியாக வரைந்ததற்கு முதலாளியே முதல் உரிமையாளர். வேறு மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தவிர.

2. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து வரையவைத்த ஓவியம், உருவப்படம், செதுக்கோவியம், எடுக்கவைத்த புகைப்படம் ஆகியவற்றுக்குக் கேட்டவரே முதல் உரிமையாளர். இதற்கும் மாற்று ஒப்பந்தம் இருந்தால்தான் தப்பிக்க முடியும்.

இரண்டாவதைப் பல ஃப்ரீலான்ஸ் ஓவியர்கள் அறிவதில்லை. "நான் அவர்கள் ஊழியன் இல்லையே, அதனால் உரிமை என்னிடம்தான்" என்று நம்பியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்கி, ஜிபே-யில் பணம் வாங்கி, எதுவும் எழுதிக்கொள்ளாமல் வரைந்துகொடுத்தால் இந்த விலக்கு அவர்கள்மேல் பாய வாய்ப்பிருக்கிறது. டேப்லெட்டில் வரைந்தது இந்தப் பிரிவு சொல்லும் 'ஓவியம்' ஆகுமா என்று வக்கீல்கள் வாதிடலாம். அந்த வாதத்துக்கான கட்டணத்தோடு ஒப்பிட்டால், "உரிமை வரைந்தவரிடமே இருக்கும்" என்ற ஒரு வரியை மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் வாங்குவது இலவசம். பொருள்களின் வடிவத்தையும் அலங்காரத்தையும் பதிவின் மூலம் காக்கும் 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டமும் இதே திசையில்தான் போகிறது: கூலி பெற்று வேறொருவருக்காகச் செய்த டிசைனுக்கு அந்த வேறொருவரே உரிமையாளர்.

ஆகவே பிராண்டுகளோடு பேசும்போது, ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் படத்துக்கு உரிமம் கொடுப்பதும் புதிதாக வரைந்துகொடுப்பதும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு. முதலாவதில் ஓவியர் கெட்டியான தரையில் நிற்கிறார்.

## எழுதாத இடத்தில் சட்டம் என்ன எழுதுகிறது

பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு உரிமை மாற்றத்துக்கானது. 30ஏ பிரிவின் வழியாக அதே விதிகள், தேவையான மாற்றங்களோடு, உரிமத்துக்கும் பொருந்துகின்றன. அவை ஓவியர் பக்கம் சாய்ந்தவை என்றே சொல்லலாம்.

1. எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. உரிமமும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். எந்தப் படம், எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

2. காலம் குறிப்பிடப்படவில்லையா? 5 ஆண்டு.

3. நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லையா? இந்தியா மட்டும்.

4. எழுதி வாங்கிய உரிமையை நிறுவனம் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு ஏற்பாடு எழுதப்படாதபோது, அந்த உரிமை காலாவதியாகும்.

5. ஒப்பந்தம் போட்டபோது இல்லாத, அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஊடகத்துக்கு உரிமை மாற்றம் தானாக நீளாது. அந்த ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்க வேண்டும். இது 2012 திருத்தத்தில் 18-ஆவது பிரிவில் சேர்ந்தது.

பெரிய நிறுவனங்களின் வக்கீல்களுக்கு இதெல்லாம் மனப்பாடம். "நிரந்தரமாக, உலகம் முழுவதும், இன்று உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும்" என்று நீளும் அந்த வாக்கியம் ஒப்பந்தங்களில் வருவது அலங்காரத்துக்காக அல்ல. மேலே சொன்ன பாதுகாப்புகளை ஒவ்வொன்றாக அணைப்பதற்காக. டி-ஷர்ட் போடும் நிறுவனத்துக்கு எல்லா ஊடகமும் எதற்கு என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பல நேரம் அது எங்கிருந்தோ எடுத்த மாதிரிப் படிவம், கேட்டால் நீக்கிவிடுகிறார்கள்.

ஓவியரின் பதிப்புரிமை அவருடைய ஆயுள் முழுவதும், அவர் இறந்தபின் 60 ஆண்டும் நீடிக்கும். அதற்குப்பின் படம் பொதுவுடைமை. 2008-இல் தி சென்னை சில்க்ஸ் ரவிவர்மாவின் படங்களை நெய்து சுமார் 39 லட்சம் ரூபாய்க்குச் சேலை விற்றது. 1906-இல் மறைந்தவரின் படங்களுக்குப் பதிப்புரிமை அப்போது எஞ்சியிருக்கவில்லை.

## ஐம்பது பிரதி என்னும் கோடு

குழப்பம் அதிகமும், விளக்கம் குறைவாகவும் இருக்கும் இடம் இது. பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு சொல்வதன் சாரம்: டிசைன் சட்டத்தின்கீழ் பதிவுசெய்யத்தக்க ஒரு டிசைனைப் பதிவுசெய்யாமல் விட்டு, அது ஏறிய பொருள் தொழிற்சாலை உற்பத்தி முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தியானால், அந்த டிசைனில் பதிப்புரிமை முடிந்துவிடும். உற்பத்தி செய்தவர் உரிமையாளராக இருந்தாலும் சரி, அவரிடம் உரிமம் பெற்றவராக இருந்தாலும் சரி.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். திருப்பூரில் ஒரு நிறுவனம் உங்களிடம் முறையாக உரிமம் வாங்கி, ஒழுங்காக ராயல்டியும் (விற்பனையில் ஓவியருக்கான பங்கு) கொடுத்து, 51-ஆவது துணியை அடிக்கும்போது, நீங்கள் வாடகைக்கு விட்ட உரிமையே இல்லாமல் போகக்கூடும். திருடனால் போகாதது நேர்மையான வாடிக்கையாளரால் போகிறது. நல்ல ஒப்பந்தம் எழுதினாலும் இது தீராது.

ஏன் இப்படி? பதிப்புரிமை ஆயுள் கடந்தும் 60 ஆண்டு நீடிப்பது. டிசைன் பதிவோ 10 ஆண்டு, புதுப்பித்தால் மேலும் 5, ஆக மொத்தம் 15 ஆண்டுதான். சந்தையில் குவியும் துணிக்கும் ஓட்டுக்கும் பிளாஸ்டிக் வாளிக்கும் நூறாண்டு ஏகபோகம் வேண்டாம் என்று சட்டம் முடிவெடுத்தது. தொழிற்சாலைக்குள் போகும் அழகுக்குக் குறுகிய காலப் பாதுகாப்பு, அதுவும் பதிந்தவருக்கு மட்டும்.

அப்படியானால் ஓர் ஓவியம் துணியில் ஏறிவிட்டால் ஓவியமும் போயிற்றா? இல்லை என்பதே நீதிமன்றங்களின் திசை. திரைச்சீலை, சோபா துணி டிசைன்களைப் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஒரு பிரிப்பைச் செய்தது. புகழ்பெற்ற ஓவியம் ஒன்று கலைப்படைப்பாகத் தன் பதிப்புரிமையோடு தொடரும். அதிலிருந்து தொழிற்சாலைப் பொருளுக்காக எடுக்கப்பட்ட டிசைன் தனி. அதற்குத்தான் ஐம்பது பிரதிக் கோடு. அந்த வழக்கில், துணிக்கென்றே உருவாக்கப்பட்ட டிசைன்களைப் பதியாமல் விட்ட நிறுவனம் தோற்றது. 2025 ஏப்ரல் 15 அன்று கிரயோகாஸ் – ஐநாக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும், படைப்பு முழுமையான கலைப்படைப்பா, அதிலிருந்து தொழில்முறையில் பொருளுக்குப் போன டிசைனா என்று முதலில் பார்க்க வேண்டும், அதிலும் தெளிவில்லையென்றால் அதன் முதன்மைப் பண்பு பயன்பாடா அழகா என்று பார்க்க வேண்டும் என்றது. வழக்கென்னவோ இயற்கை எரிவாயு ஏற்றும் டிரெய்லர்களின் வரைபடம் பற்றியது. சேலை வரைபவருக்கும் அதுதான் சட்டம்.

நடைமுறையில் இதிலிருந்து மூன்று விளைவுகள்.

முதலாவது, பொருளைப் பொறுத்து ஆபத்து மாறுகிறது. காலண்டர், வாழ்த்து அட்டை, அஞ்சலட்டை, புத்தக உறை, லேபிள் போன்றவற்றை டிசைன் அலுவலகம் பதிவுக்கு உரியவையாக ஏற்பதில்லை. பதியவே முடியாத ஒன்றுக்கு ஐம்பது பிரதிக் கோடும் பொருந்தாது. ஒரே மயில் படம் சிவகாசிக் காலண்டரில் லட்சம் பிரதி போனாலும் பதிப்புரிமை நிற்கும். துணியில் நூறு மீட்டர் ஓடினால் கேள்விக்குள்ளாகும்.

இரண்டாவது, துணி, போர்வை, பீங்கான் போன்றவற்றுக்குக் கொடுப்பதாக இருந்தால் பதிவு தேவை. விண்ணப்பம் கொல்கத்தாவில் உள்ள டிசைன் அலுவலகத்துக்குப் போகிறது; இணையவழியிலும் செய்யலாம். தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். பதிவு பொருள் வகுப்பு வாரியானது: துணிக்கு 5, ஆடைக்கு 2, போர்வை விரிப்புகளுக்கு 6, தட்டு குவளைகளுக்கு 7. எல்லா வகுப்பிலும் எல்லா டிசைனையும் பதிவது கட்டுப்படியாகாது. எது விற்கும் என்று நம்புகிறீர்களோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது பதிவுச் செலவு நிறுவனத்துடையது, பதிவு ஓவியர் பெயரில் என்று ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். பதிந்த டிசைனுக்குக் கொடுக்கும் உரிமமும் எழுத்தில் இருந்து, 6 மாதத்துக்குள் பதிவேட்டில் ஏற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, இளைய ஓவியர்களைக் கடிக்கும் விஷயம். டிசைன் பதிவுக்குப் புதுமை கட்டாயம். விண்ணப்பத்துக்கு முன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் துணி மாதிரியோடு போட்டு, லைக் வாங்கி, பிராண்டின் கண்ணில் பட்டு, பிறகு பதியப் போனால் புதுமை ஏற்கெனவே தீர்ந்திருக்கும். கவனம் ஈர்க்கக் காட்ட வேண்டியிருக்கிறது, காட்டினால் பதிய முடியாது. இதற்கு முழுத் தீர்வு கிடையாது. சிலர் தனிப் படங்களை வெளியில் காட்டுகிறார்கள், துணிக்கான ரிப்பீட் (திரும்பத் திரும்ப வரும்) டிசைன்களை ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தோடு நிறுவனத்துக்கு மட்டும் அனுப்புகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இதுதான் ஓரளவு நியாயமான நடுவழி.

## பணம் எந்த விலைமேல்?

பணம் வரும் வழிகள் மூன்று: ஒரே தடவைத் தொகை, ராயல்டி, முன்பணத்தோடு ராயல்டி. இந்தியாவில் சிறு நிறுவனங்கள் முதலாவதையே விரும்புகின்றன. கணக்குக் காட்டும் வேலை மிச்சம். ஓவியருக்கும் அது எப்போதும் மோசமில்லை. 500 துண்டு மட்டும் போடப்போகும் நிறுவனத்திடம் ராயல்டி பேசுவது இரு தரப்புக்கும் நேர விரயம். ஒரே தடவைத் தொகை வாங்கும்போது எண்ணிக்கைக்கும் காலத்துக்கும் வரம்பு போட்டால் போதும்: "ஓராண்டு, 500 துண்டு, அதற்குமேல் மறுபடி பேசுவோம்."

ராயல்டியில் எல்லோரும் சதவீதத்தைப் பேரம் பேசுகிறார்கள். அந்தச் சதவீதம் எந்த விலையின்மேல் என்பதுதான் தொகையைத் தீர்மானிக்கிறது. ஒரு டி-ஷர்ட்டின் கடை விலை 800 ரூபாய், கடைக்காரருக்குப் போகும் மொத்த விலை 400, தொழிற்சாலை விலை 200 என்று வைத்துக்கொள்வோம். அதே 5 சதவீதம் முதலாவதில் 40 ரூபாய், இரண்டாவதில் 20, மூன்றாவதில் 10. உலக அளவில் கலை உரிமங்களில் மொத்த விலைமேல் 3 முதல் 10 சதவீதம் என்பது புழக்கத்தில் உள்ள அளவு. "நிகர விற்பனை" என்று எழுதியிருந்தால் எதையெல்லாம் கழித்தபின் நிகரம் என்று கேட்க வேண்டும். திரும்பிவந்த சரக்கைக் கழிப்பது நியாயம். விளம்பரச் செலவைக் கழிப்பது நியாயமில்லை.

முன்பணம் என்பது பின்னால் வரும் ராயல்டியில் கழியும் தொகை. மேலே சொன்ன மொத்த விலைக் கணக்கில் 30,000 ரூபாய் முன்பணம் வாங்கினால் 1,500 துண்டு விற்கும்வரை மேற்கொண்டு எதுவும் வராது. விற்காமல் போனாலும் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். தனியுரிமை, அதாவது வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்ற ஏற்பாடு, கேட்கும் நிறுவனத்திடம் இதோடு ஆண்டுக்கான குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையும் கேட்கலாம். வாங்கிப் பூட்டிவைத்துவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாமல் போகும் இழப்புக்கு அது ஈடு.

தனியுரிமையும் முழுதாகக் கொடுக்க வேண்டிய ஒன்றல்ல. ஆடையில் மட்டும், தென்னிந்தியாவில் மட்டும், இரண்டு ஆண்டுக்கு மட்டும் என்று துண்டு போடலாம். படம் ஏற்கெனவே ரெட்பபிள் போன்ற, ஓவியர்களின் படங்களைப் பொருள்களில் அச்சிட்டு விற்கும் இணையதளங்களில் விற்பனையில் இருந்தால் தனியுரிமை தருவதாகச் சொல்வதற்கு முன் அங்கிருந்து எடுக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு, தேவைப்பட்டால் அதைத் தணிக்கை செய்யும் உரிமை, காலம் முடிந்தபின் மிச்சச் சரக்கை விற்றுத்தீர்க்க இத்தனை நாள், படத்தை ஏஐ மாதிரிகளைப் பயிற்றுவிக்கக் கொடுக்கக் கூடாது: இவை நான்கும் ஒவ்வொரு வரியாக இருந்தாலே போதும்.

## நிறம் மாற்றினால், பெயரை எடுத்தால்

57-ஆவது பிரிவு படைப்பாளிக்குத் தனிப்பட்ட உரிமை ஒன்றை வைத்திருக்கிறது. பதிப்புரிமையை எழுதிக்கொடுத்த பின்னும், படைத்தவர் தானே என்று கோரலாம். தன் மதிப்பைக் குலைக்கும் சிதைப்பை எதிர்க்கலாம். டெல்லி விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் பெயர்க்கப்பட்டுக் கிடங்கில் சிதைந்தது. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்தே சிற்பத்தை அவரிடம் திருப்பிக்கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் அரசுக்கு உத்தரவிட்டது.

ஆனால் பச்சையை நீலமாக மாற்றிய ஒவ்வொரு நிறுவனத்தின்மீதும் இதை ஏவ முடியாது. துணி வியாபாரத்தில் ஒரே டிசைனை நான்கு கலர்வேயில் (நிறச் சேர்க்கையில்) போடுவது அன்றாட வேலை. அச்சுக்குப் போகும் முன் மாதிரியை ஓவியர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும், லேபிளில் பெயர் வர வேண்டும் என்று எழுதிவைத்தால் போதும்.

பொறுப்பு ஓவியர் பக்கமும் உண்டு. "இது என் சொந்தப் படைப்பு; வேறு யாராவது உரிமை கோரினால் வரும் இழப்பை நான் ஏற்கிறேன்" என்ற உறுதிமொழியை எல்லா பிராண்டும் கேட்கும். ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு 2013 ஃபின்லாந்து நிகழ்ச்சி போதும். மாரிமெக்கோ என்ற துணி டிசைன் நிறுவனத்துக்காக கிறிஸ்டீனா இசோலா வரைந்த காட்டு மரங்களின் டிசைன் ஃபின்ஏர் விமானம் ஒன்றின் உடல் முழுவதும் பூசப்பட்டது. உக்ரைனின் நாட்டார் ஓவியர் மரியா பிரிமாசென்கோ 1963-இல் வரைந்த படத்தைப் பார்த்துப் போட்டது அது என்று தெரியவந்தது, இசோலாவும் ஒப்புக்கொண்டார். விமானத்துக்கு மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதாயிற்று. உறுதிமொழி தருவதில் தவறில்லை. இழப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு, பெற்ற ராயல்டி அளவுக்கு மேல் இல்லை என்பது போல, கேட்டுப் பெற வேண்டும்.

## பிராண்டின் கதவு

ஒரு நல்ல படத்தைவிட ஒன்றோடொன்று சேரும் எட்டுப் பத்துப் படங்களின் தொகுப்பே பிராண்டுகளுக்குத் தேவை. ஒரு பெரிய டிசைன், அதோடு போகும் இரண்டு சிறிய டிசைன், ஒரே நிறக் குடும்பம். தொழிற்சாலையின் மொழி தெரிந்த ஓவியருக்கு முதல் சுற்றிலேயே மதிப்பு கூடுகிறது. ஸ்கிரீன் பிரின்ட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் வேண்டும். 14 நிறத்தில் வரைந்தால் நிறுவனத்தில் ஆர்டரையும் செலவையும் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கணக்கைப் பார்த்தே விலகுவார். உருளை ஸ்கிரீன் சுழன்று அச்சடிக்கும் ரோட்டரி பிரின்ட்டில் ஸ்கிரீனின் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ. ஆகவே ரிப்பீட் 64, 32, 16 என்று வகுபட வேண்டும். டிஜிட்டல் பிரின்ட்டில் இந்தத் தொல்லை இல்லை, மீட்டர் விலை அதிகம்.

காலமும் பார்க்க வேண்டும். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். தீபாவளிக்குப் பிறகு காலண்டர் படங்களோடு போனால் ஓராண்டு தாமதம். ஏற்றுமதி ஆடைக்கும் சீசனுக்குப் பல மாதம் முன்பே டிசைன் முடிவாகிவிடுகிறது.

## வரி

ராயல்டியாகத் தரும் தொகையில் இந்திய நிறுவனம் 10 சதவீதத்தை மூலத்திலேயே பிடித்துக்கொள்ளும், ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால். பான் எண் கொடுக்காவிட்டால் 20. உரிமம் கொடுப்பது ஜிஎஸ்டியில் சேவை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை தமிழ்நாட்டு ஓவியர் பதிய வேண்டியதில்லை. அமெரிக்க நிறுவனமானால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி பொதுவாக 15 சதவீதம் அங்கே பிடிப்பார்கள். அந்தச் சலுகைக்கு டபிள்யூ-8பென் படிவம் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 30. பிடித்ததை இங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடுகட்டலாம்.

## கையெழுத்திட ஒற்றை ஆள் இல்லாதபோது

இதுவரை சொன்னதெல்லாம் படைத்தவர் ஒருவர், அவர் பெயர் தெரியும் என்ற அடிப்படையில். இந்தியாவின் டிசைன் செல்வத்தில் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல. 2021 ஆகஸ்டில் ஆடை வடிவமைப்பாளர் சப்யசாச்சி முகர்ஜியும் எச் அண்ட் எம் ஆடை நிறுவனமும் சேர்ந்து ஆடை வரிசை வெளியிட்டபோது, ராஜஸ்தானின் சாங்கானேர் ஊருக்குரிய, பூ வேலை கொண்ட மர அச்சுக் கலையின் சாயல் கொண்ட டிசைன்களில் அந்தக் கைவினைஞர்களுக்குப் பங்கில்லை என்று கைவினை அமைப்புகள் பகிரங்கக் கடிதம் எழுதின. வடிவமைப்பாளர் தரப்பு இது பெரும் சந்தைக்கான வேறு முயற்சி என்றது. பதிப்புரிமையை வைத்து வழக்குப் போட அங்கே வழி இல்லை. அந்தப் பூக்களை முதலில் செதுக்கியவர்கள் மறைந்து நூற்றாண்டுகள் ஆகின்றன.

இத்தகைய கலைகளுக்குச் சட்டம் வைத்திருப்பது புவிசார் குறியீடு (ஜிஐ). அது பெயரையும் ஊரையும் காக்கிறது. சாயலைக் காப்பது கடினம். 2025 ஜூனில் இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான பிராடா மிலான் மேடையில் கோலாப்பூரி செருப்பைப் போன்ற ஒன்றைக் காட்டியபோது சிக்கல் அங்கேதான் இருந்தது. 2019-இல் குறியீடு பெற்ற செருப்பு அது. ஆனால் பிராடா அந்தப் பெயரைப் பயன்படுத்தவே இல்லை. எதிர்ப்பு வலுத்தபின் நிறுவனம் பேச்சுக்கு வந்தது. 2025 டிசம்பரில் மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் தோல் தொழில் மேம்பாட்டுக் கழகங்கள் இரண்டோடு ஒப்பந்தமாகி, 2,000 ஜோடிகளை அந்தந்த ஊர்க் கைவினைஞர்களைக் கொண்டே செய்விப்பதாக அறிவித்தது. நீதிமன்றம் சொல்லி வந்த ஒப்பந்தம் அல்ல இது. ஒரு சமூகத்தின் சார்பில் யார் கையெழுத்திடுவது, கிடைக்கும் பணத்தில் செருப்பு தைப்பவருக்கு எவ்வளவு என்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்திலும் டிசைன் சட்டத்திலும் பிரிவு எதுவும் இல்லை. மரபுக் கலையை எடுத்தாண்டு வரையும் ஓவியர் பிராண்டுக்கு "முழுக்க என் சொந்தப் படைப்பு" என்று உறுதிமொழி எழுதும்போது, தான் புதிதாகச் சேர்த்தது எது என்று அதே தாளில் பிரித்து எழுதிவிடுவது அவருக்கே பாதுகாப்பு.